மாசமாக இருப்பவளிடம் மனசைப் பற்றியும் கேளுங்கள்: ராமநாதபுரம் மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், சுகாதாரத் துறை, மனநலத் திட்ட அதிகாரிகளுக்கும், எங்கள் ஊர்களுக்கு வந்துபோகும் நர்ஸம்மாக்களுக்கும் வணக்கம்.

ராமேஸ்வரத்திலிருந்தோ மண்டபத்திலிருந்தோ போன ஒரு விசைப்படகை இலங்கைக் கடற்படை பிடித்துவிட்டால், பொழுது விடிந்த கொஞ்ச நேரத்தில் கரையில் பட்டியல் ஓடத் தொடங்கிவிடும். படகு எண், ஓனர் பேர், உள்ளே இருந்தவர்கள் பேர், வயசு, தகப்பனார் பேர். மீன்வளத் துறைக்குப் போகும், ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகும், வாட்ஸப்பில் எங்கள் எல்லோருக்கும் வரும். நான் பார்த்த எந்தப் பட்டியலிலும் ஒரு விவரம் மட்டும் இருந்ததில்லை. இவர்களில் யாருடைய வீட்டுக்காரி மாசமாக இருக்கிறாள், யாருடைய வீட்டில் பச்ச உடம்புக்காரி ஒருத்தி கைப்பிள்ளையோடு உட்கார்ந்திருக்கிறாள் என்பது. அந்த விவரம் அரசாங்கத்திடம் இல்லாமலா இருக்கிறது? கர்ப்பிணி ஒவ்வொருத்தியையும் பிக்மி என்கிற அரசுக் கணினிப் பதிவில் ஏற்றி எண் போட்டு, பிறக்கிற பிள்ளைக்குச் சான்றிதழ் வாங்குவதற்கே அந்த எண்ணைக் கேட்கிறீர்கள். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

நான் டாக்டர் இல்லை, எந்தச் சங்கத்துக்கும் தலைவி இல்லை. பாம்பன் தீவில் பிறந்து அங்கேயே வாக்கப்பட்டு, மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறவள். சந்தா கட்ட வராதவளை வீடு தேடிப் போய் ஏன் வரவில்லை என்று கேட்பதும் என் தலையில்தான் விடியும், அதனால் மற்றவர்களைவிட எனக்கு நாலு வீட்டு உள்விஷயம் கூடுதலாகத் தெரியும். அப்படித் தெரிந்ததை வைத்தும், படித்துத் தெரிந்துகொண்டதை வைத்தும்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. எங்கள் பாட்டி காலத்தில் பாதிப் பிரசவம் வீட்டில், மருத்துவச்சி கையில். இன்றைக்கு முதல் தடவை போன உடனேயே எடை, பிரஷர், ரத்தம், சர்க்கரை, தைராய்டு, எச்.ஐ.வி. எல்லாம் பார்த்துவிடுகிறார்கள். முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்புக்கு உதவி வருகிறது, பிரசவம் முடிந்தால் 102 வண்டி வீட்டில் கொண்டுவந்து விடுகிறது. இத்தனையும் எழுதிவைக்கிற அந்தத் தாய் சேய் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தால் ரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்பது வரைக்கும் இருக்கும். அவள் ராத்திரி தூங்குகிறாளா, எதற்காவது சிரித்தாளா, செத்துப் போய்விடலாம் என்று எப்போதாவது நினைத்தாளா என்று எங்கள் தெருவில் ஒருத்தியையும் யாரும் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

எங்கள் பக்கம் இது எப்படி வெளியே தெரிகிறது என்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாரும் வந்து எனக்கு மனச்சோர்வு என்று சொல்லப் போவதில்லை. தலைவலி என்பாள். நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, உடம்பெல்லாம் எரிகிறது, சோறு தொண்டைக்குள் இறங்க மாட்டேன் என்கிறது என்பாள். நர்ஸம்மா இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பிடு என்று சொல்லி அனுப்புவார். ரத்தசோகையாகவும் இருக்கலாம், தைராய்டாகவும் இருக்கலாம், அதைப் பார்க்க வேண்டியதும் சரிதான், ஆனால் அதற்குப் பின்னால் புருஷன் குடித்துவிட்டு அடிப்பது இருக்கலாம், போன பிரசவத்தில் வயிற்றிலேயே இறந்துபோன பிள்ளையின் நினைப்பு இருக்கலாம், மூன்றாவதும் பெண்ணாகப் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம் இருக்கலாம். வட்டிக்கு வாங்கிய கடன், நாலு நாளைக்கு ஒரு தடவை வருகிற குடிதண்ணீர், மாசமாக இருந்தும் பாசி எடுக்கக் கடலுக்குள் இறங்க வேண்டியிருக்கிற பிழைப்பு, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் போனால் கதை வேறு. அங்கே காசுக்குக் கஷ்டமில்லாத வீடுகளும் உண்டு, புருஷன் சவுதியிலோ துபாயிலோ இருப்பான், கல்யாணமாகி லீவு முடிந்து போனவன் பிள்ளையின் முகத்தை வீடியோ காலில்தான் பார்ப்பான், இவள் மாமியார் வீட்டில் எல்லோரும் சுற்றியிருக்கத் தனியாக இருப்பாள். மண்டபம் முகாமில் இருக்கிற இலங்கைத் தமிழ்ப் பெண்களின் பாட்டைப் பற்றி நான் சொல்வதைவிட அவர்களிடமே கேட்பது நல்லது.

இது நாலைந்து பேருடைய பிரச்சினை என்று நினைத்துவிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்குப்படி, வளரும் நாடுகளில் கர்ப்பிணிகளில் 100-க்கு 15 பேருக்கு மேல், பிள்ளை பெற்றவர்களில் கிட்டத்தட்ட 20 பேருக்கு, மனநலக் கோளாறு ஏதாவது ஒன்று இருக்கிறது, அதில் பெரும்பாலும் மனச்சோர்வுதான். இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2017-ல் வந்த கட்டுரை ஒன்று, பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு 22 சதவீதம் என்கிறது. சர்க்கரைக்கு நாம் எவ்வளவு பயப்படுகிறோம், எத்தனை தடவை ஊசி குத்திப் பார்க்கிறோம், அதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதில் மூன்று வகையைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பிள்ளை பிறந்து மூன்றாம் நாள், நாலாம் நாள் காரணமே இல்லாமல் அழுகை வருவது பாதிப் பேருக்கு மேல் வரும், உடம்பில் ஹார்மோன் சட்டென்று இறங்குவதால் வருவது, பத்துப் பதினைந்து நாளில் தானாகப் போய்விடும். நாலு பேர் கூட இருந்து அவளைத் தூங்கவிட்டாலே போதும். அப்புறமும் விடாமல் இருந்தால்தான் மனச்சோர்வா என்று பார்க்க வேண்டும். அது பிரசவத்துக்குப் பிறகுதான் வரும் என்றும் இல்லை, நிறையப் பேருக்கு வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே தொடங்கிவிடுகிறது. மூன்றாவதைப் பிறகு சொல்கிறேன், அதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

பிள்ளை மேல் பாசம் வருவதைப் பற்றி எல்லோரும் பேசுகிற பேச்சுதான் எனக்கு அதிகம் கோபம் தருவது. முகத்தைப் பார்த்த நிமிஷமே தாய்க்கு எல்லா வலியும் மறந்துவிடும் என்று சொல்லிச் சொல்லியே வளர்த்துவிட்டோம். சிலருக்கு மறக்கிறது, நல்லது. சிலருக்கு அந்த நிமிஷம் ஒன்றுமே தோன்றாது. களைப்பும் வலியும் பயமும்தான் இருக்கும், பக்கத்தில் கிடக்கிற பிள்ளையைப் பார்த்தால் யாரோ வீட்டுப் பிள்ளை மாதிரி இருக்கும். எங்கள் குழுவில் ஒருத்தி, சிசேரியன் முடிந்து பிள்ளையைப் பச்சிளம் குழந்தை பிரிவில் வைத்துவிட்டார்கள், இவள் வேறு வார்டில், நாள் கணக்காகத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கடைசியில் கையில் கொடுத்தபோது வாங்கத் தயங்கியிருக்கிறாள். “பெத்தவளா நீ, கல்லு மாதிரி உக்காந்திருக்கியே” என்று அங்கேயே ஒரு நர்ஸ் கேட்டிருக்கிறார். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப் போவதில்லை, எந்த ஆஸ்பத்திரியிலும் நடக்கக் கூடியதுதான். அந்த ஒரு வார்த்தையை அவள் மாமியார் பிடித்துக்கொண்டு மாசக் கணக்கில் சொல்லிக் காட்டினாள், இவளும் தான் நிஜமாகவே தாய் இல்லை போலிருக்கிறது என்று நம்பத் தொடங்கிவிட்டாள்.

பாசம் பழகப் பழக வருவது. சிலருக்கு நாளில், சிலருக்கு வாரத்தில், இன்னும் சிலருக்கு மாசத்தில். அதற்கு வழியும் இருக்கிறது. ஆறாம் மாசத்திலேயே வயிற்றுப் பிள்ளைக்குச் சத்தம் கேட்கத் தொடங்கிவிடுகிறது, பிறந்த பிள்ளை மற்ற பெண்களின் குரலைவிடத் தாயின் குரலை நாடுகிறது என்று 1980-லேயே ஆய்வு செய்து காட்டியிருக்கிறார்கள். பிறந்த குழந்தைக்குக் கண் தெளிவாகத் தெரிகிற தூரம் முக்கால் அடி, ஒரு அடி, அதாவது பால் குடிக்கும்போது அம்மா முகம் இருக்கிற தூரம். துணியில்லாமல் நெஞ்சோடு நெஞ்சாகப் பிள்ளையைப் போட்டுக்கொள்கிற கங்காரு முறையை 1978-ல் கொலம்பியாவில் இன்குபேட்டர் போதாத ஒரு ஆஸ்பத்திரியில் தொடங்கினார்கள், இன்றைக்கு உலகம் முழுக்க எடை குறைந்த பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்கிறார்கள். பிள்ளையின் உடம்புச் சூட்டுக்கு மட்டும் இல்லை, தாய்க்கும் அது பலன் தருகிறது. ஆகவே, குழந்தை தனி வார்டில் இருந்தால் தாயைச் சக்கர நாற்காலியில் வைத்தாவது தினம் கொண்டுபோய்க் காட்டுங்கள், தொடவிடுங்கள், மேலே போட்டுக்கொள்ளவிடுங்கள். தீவிலிருந்து ராமநாதபுரத்துக்கு அனுப்புகிற பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம், தாய் ஒரு ஊரில் பிள்ளை ஒரு ஊரில் என்று ஆகிவிடுகிறது.

மனச்சோர்வில் இருக்கிறவள் பிள்ளையிடம் குறைவாகப் பேசுவாள், முகம் பார்க்க மாட்டாள், பிள்ளை சிரித்தாலும் அவள் முகத்தில் ஒன்றும் வராது, பிள்ளையும் கொஞ்ச நாளில் சிரிப்பதைக் குறைத்துக்கொள்ளும். இதைப் படித்துவிட்டு எந்தத் தாயும் பயப்பட வேண்டாம், அவளுக்கு வைத்தியம் பார்த்து, கூடவே பிள்ளையோடு பேசவும் விளையாடவும் ஒருத்தர் துணைக்கிருந்தால் திரும்ப வந்துவிடும். அதுவரைக்கும் பாட்டியோ அத்தையோ அப்பனோ பிள்ளையைக் கொஞ்சிக்கொண்டிருந்தால் போதும். அப்பன் கொஞ்சினால் குறைந்து போய்விடமாட்டான் என்பதையும் இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

இனி மூன்றாவது வகை, பிரசவத்துக்குப் பிறகு வருகிற தீவிர மனநோய். ஆயிரம் பிரசவத்துக்கு ஒன்றோ இரண்டோ வருவது, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள். தூக்கம் அறவே போய்விடும், சம்பந்தமில்லாமல் பேசுவாள், இல்லாத குரல் கேட்கும், பிள்ளையை யாரோ மாற்றிவிட்டார்கள் என்பாள், பிள்ளைக்கோ தனக்கோ ஏதாவது செய்துகொள்ளவும் கூடும். இது அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விஷயம், வலிப்பு வந்தால் எப்படி ஓடுவோமோ அப்படி. எங்கள் கடற்கரையில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். பச்ச உடம்பில் காத்து கருப்பு அடித்துவிட்டது என்பார்கள், மந்திரிப்பார்கள், தாயத்து கட்டுவார்கள், கோயிலிலோ தர்காவிலோ கொண்டுபோய் உட்கார வைப்பார்கள், அதற்குள் ஒரு வாரம் ஓடிவிடும். நம்பிக்கையைக் கேலி செய்வது என் வேலை இல்லை, எனக்கும் நேர்த்திக்கடன் உண்டு. ஆனால் ஏர்வாடியை இந்த மாவட்டம் மறக்க முடியாது. 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி விடியற்காலையில், தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில், சங்கிலியோடு கட்டிப்போட்டிருந்த 28 பேர் தீயில் கருகினார்கள், உச்ச நீதிமன்றமே தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. அதன் பிறகு ஏர்வாடி தர்காவை ஒட்டியே மருந்தும் துஆ என்கிற பிரார்த்தனையும் சேர்ந்து நடக்கிற ஏற்பாட்டை அரசு செய்தது. துஆ கேட்க வருகிறவர்களைத் திருப்பி அனுப்பாமல், மருந்தையும் அங்கேயே கொடுக்கலாம் என்று செய்து காட்டிய மாவட்டம் இது. அதே புத்தியைப் பிள்ளை பெற்றவர்கள் விஷயத்திலும் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன். மந்திரிக்கிறவர்கள், பங்குச் சாமியார், ஜமாத் பெரியவர்கள், பூசாரி எல்லோரிடமும் ஒரே ஒரு விஷயம் சொல்லிவைக்கலாம்: பிள்ளை பெற்று ஒரு மாசத்துக்குள் இருக்கிறவளை இப்படிக் கூட்டி வந்தால், செய்வதைச் செய்துவிட்டு அன்றைக்கே 108-க்கும் போன் போடுங்கள்.

அப்படிச் சேர்க்கும்போது பிள்ளையைப் பிரிக்க வேண்டியதில்லை. 2017-ம் வருஷ மனநலப் பராமரிப்புச் சட்டமே, மனநல நிலையத்தில் சிகிச்சை பெறுகிற தாயிடமிருந்து மூன்று வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்கிறது. ஆபத்து இருந்தால் பிரிக்கலாம், அதுவும் கண்காணிப்போடு. பெங்களூரில் இருக்கிற நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரியில் தாயையும் பிள்ளையையும் ஒன்றாக வைத்துப் பார்க்கிற பிரிவு 2009-லிருந்து இருக்கிறது. அதே அளவுக்கு இங்கே கட்ட முடியாது, சரி. ராமநாதபுரத்தில் 2022-ல் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது, அதில் இதற்கென்று இரண்டு கட்டில் ஒதுக்குவது அத்தனை பெரிய காரியமா?

மாத்திரை விஷயத்திலும் வீடுகளில் பெரிய குழப்பம். மனசுக்கு மாத்திரை போட்டால் பால் கொடுக்கக் கூடாது என்று சொல்லி ஒன்று மாத்திரையை நிறுத்துகிறார்கள், இல்லாவிட்டால் பாலை நிறுத்துகிறார்கள். மனச்சோர்வுக்குக் கொடுக்கிற செர்ட்ராலின் போன்ற மாத்திரைகள் தாய்ப்பாலில் மிகக் குறைவாகத்தான் போகின்றன, டாக்டர் பார்த்துக் கொடுத்தால் பாலும் கொடுக்கலாம். வலிப்புக்கும் சில மனநோய்களுக்கும் கொடுக்கிற வால்ப்ரோயேட் மாதிரி கர்ப்பத்தில் ஆகவே ஆகாத மாத்திரைகளும் உண்டு. அதனால், ஏற்கெனவே மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவள் மாசமானால் தானாக நிறுத்தவும் கூடாது, அப்படியே தொடரவும் கூடாது, அந்த வாரமே டாக்டரிடம் போக வேண்டும். இதை நர்ஸம்மா வாயால் கேட்டால்தான் எங்கள் பெண்கள் நம்புவார்கள்.

அப்படியானால் நான் கேட்பது என்ன? புதிதாக ஒரு முகாம் வேண்டாம், பேனர் வேண்டாம், குத்துவிளக்கு ஏற்றுகிற விழா சத்தியமாக வேண்டாம். கர்ப்பப் பரிசோதனைக்கு வருகிற நாளிலும், பிள்ளைக்கு ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரத்து ஊசிக்கு வருகிற புதன்கிழமையிலும், தாயிடம் இரண்டு கேள்வி. போன ஒரு மாசத்தில் மனசு ரொம்பச் சோர்ந்து, இனி என்ன இருக்கிறது என்கிற மாதிரி இருந்ததா? எப்போதும் பிடிக்கிற வேலையில், பேச்சில் கூட மனசு ஒட்டாமல் இருந்ததா? இந்த இரண்டும் பல நாடுகளில் கேட்கிற கேள்விகள்தான். இரண்டில் ஒன்றுக்கு ஆமாம் என்றால், பிள்ளை பெற்றவர்களின் மனச்சோர்வைக் கண்டறிகிற எடின்பரோ கேள்வித்தாளை எடுங்கள். 1987-ல் வந்தது, பத்தே கேள்வி, போன ஏழு நாளைப் பற்றியது. தமிழில் அதைச் சரிபார்த்து 2005-லேயே கட்டுரை வந்துவிட்டது. பத்தாவது கேள்வி தன்னைத்தானே ஏதாவது செய்துகொள்கிற நினைப்பைப் பற்றியது, அதற்கு ஆமாம் என்று பதில் வந்தால் அவளை அன்றைக்குத் தனியாக வீட்டுக்கு அனுப்பக் கூடாது. கேட்டால் இல்லாத நினைப்பு வந்துவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள், அப்படி வராது, கேட்டதே பாதி பாரம் இறங்கினது என்றுதான் சொல்லுவார்கள்.

ஒரு நிபந்தனை உண்டு. மாமியாரை வெளியே உட்கார வைத்துவிட்டுக் கேட்க வேண்டும். எடை பார்க்கிறேன் என்று உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கேளுங்கள், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். பக்கத்தில் மாமியார் நின்றுகொண்டிருந்தால் எங்கள் ஊரில் எல்லா மருமகளும் சந்தோஷமாகத்தான் இருப்பாள்.

கேட்ட பிறகு எங்கே அனுப்புவது என்பதும் தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கேட்காமலே இருக்கலாம். மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் எந்த நாள் எந்த ஆஸ்பத்திரிக்கு வருகிறார் என்பதை ஒவ்வொரு துணை சுகாதார நிலையத்துக் கதவிலும் ஒட்டுங்கள். மனநல உதவிக்கான அரசுத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணைத் தாய் சேய் புத்தகத்தின் முதல் பக்கத்தில் முத்திரையாகக் குத்துங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய சேவை, காசு கிடையாது, தமிழில் பேசலாம். தீவிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் ஏற முடியாதவளுக்கு அதுதான் முதல் வாசல்.

நர்ஸம்மாக்கள் இதைப் படித்துவிட்டு, ஏற்கெனவே ரிஜிஸ்டரும் மொபைலும் பிடுங்கித் தின்கிறது, இதுவும் எங்கள் தலையிலா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பாகிஸ்தானில் ராவல்பிண்டி பக்கத்துக் கிராமங்களில் பள்ளிப் படிப்பு முடித்த சுகாதாரப் பணிப் பெண்களுக்குக் குறுகிய பயிற்சி கொடுத்து, மனச்சோர்வில் இருந்த கர்ப்பிணிகளின் வீட்டுக்கு அனுப்பிப் பேச வைத்தார்கள். 2008-ல் முடிவு வெளிவந்தது. ஆறு மாசத்தில் அப்படிப் பேச்சு கிடைத்தவர்களில் 100-க்கு 23 பேருக்குத்தான் மனச்சோர்வு மிச்சமிருந்தது, கிடைக்காதவர்களில் 53 பேருக்கு. அதை வைத்தே உலக சுகாதார நிறுவனம் பின்னால் ஒரு கையேடு போட்டது. இங்கே மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் வீடு வீடாகப் போகிற பெண்கள் இருக்கிறார்கள், அவர்களும் எங்கள் குழுக்களிலிருந்து வந்தவர்கள்தான், பயிற்சி கொடுத்து, போகிற வேலைக்குத் தக்க காசும் கொடுத்தால் செய்வார்கள். காசில்லாமல் சேவை செய் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

ஆண்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம், 61 நாள் ஆம்பிளைகள் கரையில்தான் இருக்கிறார்கள், வலை பின்னுகிறார்கள், சீட்டாடுகிறார்கள், டாஸ்மாக்குக்குப் போகிறார்கள். அந்த இரண்டு மாசத்தில் வருகிற பரிசோதனைக்குப் புருஷனையும் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லுங்கள். வெளிநாட்டில் இருக்கிறவனுக்கு வீடியோ காலில் நர்ஸம்மா அஞ்சு நிமிஷம் பேசலாம்.

தாய் மரணம் நடந்தால் கூட்டம் போட்டு ஏன் என்று அலசுகிறீர்கள். ரத்தப்போக்கு, பிரஷர், கிருமி. கர்ப்பத்திலோ பிள்ளை பெற்ற பிறகோ ஒருத்தி தன் உயிரை எடுத்துக்கொண்டால் அதையும் நேரடித் தாய் மரணமாகவே எண்ண வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2012-லேயே சொல்லிவிட்டது. எங்கள் பக்கம் அது வயிற்றுவலி தாங்காமல் என்று போலீஸ் ஸ்டேஷனோடு முடிந்துவிடுகிறது. அந்தக் கூட்டத்துக்கு அந்தப் பெண்களின் கதையும் வர வேண்டும்.

கடைசியாக, முதலில் சொன்ன பட்டியல். அடுத்த தடவை படகு பிடிபட்டுப் பெயர்கள் வந்ததும், பிக்மியில் ஒரு ஆள் உட்கார்ந்து பார்த்தால் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும், எந்த வீட்டில் கர்ப்பிணி, எந்த வீட்டில் கைக்குழந்தை என்று. அன்றைக்குச் சாயங்காலமே நர்ஸம்மா அந்த வீட்டுக்குப் போகட்டும். வழக்கு என்ன ஆகும், எப்போது விடுவார்கள் என்று அவருக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. பிரஷர் பார்த்துவிட்டு, சாப்பிட்டாயா, ராத்திரி உன்கூட யார் படுக்கிறார்கள் என்று கேட்டால் போதும்.

கேள்வித்தாள் அச்சடிக்க நிதி ஒதுக்கீடு இல்லை என்று கோப்பில் எழுதித் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். எங்கள் குழுக் கணக்கில் ஜெராக்ஸ் எடுத்துத் தருகிறோம், எத்தனை பிரதி வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பாம்பன் தீவிலிருந்து மகளிர் குழுக் கணக்கெழுதும் ஒருத்தி